ஒன்பதரை மணிக்குக் கடையைச் சாத்து

1995 மே 12. மியூனிக் நகரத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் தெருவில் இறங்கினார்கள். கூலி உயர்வு கேட்டு இல்லை, போருக்கு எதிராகவும் இல்லை. ஒரு பீர் தோட்டத்தை ராத்திரி ஒன்பதரை மணிக்கே சாத்தச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து. அந்த ஊர்வலத்துக்கு ‘பீர் தோட்டப் புரட்சி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ‘பொது இடம்’, ‘பண்பாடு’ என்றெல்லாம் நாம் பெரிய சொற்களில் பேசுவது, கடைசியில் யாரோ ஒருவருடைய படுக்கையறை ஜன்னலில் போய் நிற்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வழக்கு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மியூனிக்குக்குத் தெற்கே, இஸார் ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது புல்லாக். ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறை பல பத்தாண்டுகள் தலைமையகம் வைத்திருந்த ஊர். சத்தம் போடாமல் இருப்பதற்குப் பேர்போன ஊர் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அங்கேதான் வால்ட்விர்ட்ஷாஃப்ட் என்ற பீர் தோட்டம். மரத்தடியில் நீளநீளமாக பெஞ்சுகள், ஜாஸ் வாத்தியம், வெயில் நாளில் ஆயிரக்கணக்கில் கூட்டம். சுற்றிலும் வசதியான வீடுகள். அந்த வீட்டுக்காரர்களில் சிலர் இரைச்சல் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டு, ஜெயித்தார்கள். ஜெர்மானிய இரைச்சல் விதிகளின்படி இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்குகிறது. அதற்குள் கடைசி ஆளும் கிளம்பியிருக்க வேண்டும் என்றால் ஒன்பதரைக்கே கடையை மூடியாக வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் ஜூன் மாதத்தில் மியூனிக்கில் சூரியன் மறையவே ஒன்பதே கால் ஆகிவிடும். அப்போதுதான் காற்றே கொஞ்சம் குளிர ஆரம்பிக்கும்.

ஊர்வலம் போனவர்கள் கையில் எடுத்த ஆயுதம் மரபு. அந்த மரபு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் ஒரு தெருச்சண்டைதான்.

பவேரியாவில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. குளிரில் மெதுவாகப் புளிக்கிற பீர், வெயிலில் கெட்டுப்போகும். அடுப்புத் தீ ஊருக்குப் பரவிவிடும் என்ற பயம் வேறு. அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் காய்ச்சலாம். கோடைக்கு வேண்டியதை முன்பே காய்ச்சி, ஊருக்கு வெளியே மேட்டு நிலங்களில் நிலவறை வெட்டி இறக்கி வைத்தார்கள். நிலவறை சூடாகாமல் இருக்க மேலே சரளைக்கல் பரப்பி, குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டார்கள். அகலமான இலை, அடர்ந்த நிழல். கூடவே, வேர் ஆழமாக இறங்கி நிலவறைக் கூரையைப் பிளக்காது. கீழே குளிர்ந்த பீர், மேலே நிழல். மக்கள் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். காய்ச்சுபவர்கள் அங்கேயே பெஞ்சைப் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

வயிறு எரிந்தது ஊருக்குள் இருந்த விடுதிக்காரர்களுக்கு. எங்களிடம் பீர் வாங்கியவர்கள் எல்லாம் மரத்தடிக்குப் போனால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று முறையிட்டார்கள். 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மாக்ஸ் யோசஃப் ஓர் ஆணை போட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலவறையில் உங்கள் பீரைச் சில்லறையாக விற்றுக்கொள்ளுங்கள், ரொட்டியும் கொடுக்கலாம், வேறு சாப்பாடு கூடவே கூடாது. அவ்வளவுதான் ஆணை. மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்று பவேரியர்கள் பெருமையாகச் சொல்லும் வழக்கம், அடிப்படையில் விடுதிக்காரர்களின் வயிற்றெரிச்சலுக்குக் கொடுத்த சமாதானம்.

கவனிக்க வேண்டியது, 1812இன் பஞ்சாயத்தில் தூங்குகிறவர் இல்லவே இல்லை. தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தது. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலைக்குக் குளிரூட்டும் இயந்திரம் செய்து கொடுத்த பிறகு நிலவறைக்கே வேலை போய்விட்டது. மரமும் பெஞ்சும் நின்றன. நகரம் வளர்ந்து அவற்றைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டது. ‘தோட்டம்தானே முதலில் இருந்தது, பக்கத்தில் குடிவந்துவிட்டு சத்தம்னு சொன்னா எப்படி?’ என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மன்னர் காலத்துத் தோட்டத்தில் ஒலிபெருக்கி கிடையாது, கார் நிறுத்தம் கிடையாது. இடம்தான் பழசு, இரைச்சல் புதுசு.

தெருவில் திரண்ட கூட்டத்தை அரசியல்வாதி எண்ணத் தெரிந்தவர். எட்மண்ட் ஸ்டாய்பரின் மாநில அரசு அதே ஆண்டு பீர் தோட்டங்களுக்கென்றே தனி ஆணை கொண்டுவந்து நேரத்தை நீட்டிக் கொடுத்தது. 1999 ஜனவரியில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது: பக்கத்து வீட்டாரின் இரவு அமைதிக்கு அதில் போதிய பாதுகாப்பு இல்லை. எனக்கு இந்தத் தீர்ப்பின்மேல் மரியாதை உண்டு. தூக்கம் என்ன ஓட்டுக்கு விடுகிற விஷயமா? இருபதாயிரம் பேர் ஒரு பக்கமும் நாலு வீட்டுக்காரர்கள் மறுபக்கமும் நின்றால், நாலு பேருக்காகப் பேச யாராவது வேண்டாமா? அதே சமயம், அந்த நாலு வீட்டில் தோட்டம் உண்டு என்பதையும் மறக்க முடியவில்லை. நகரத்தின் அடுக்குமாடியில் இருப்பவனுக்கு ஒரு கோடை மாலையில் வானம் பார்த்து உட்கார, அதிகச் செலவில்லாத இடம் இது ஒன்றுதான்.

1999 ஏப்ரலில் வந்த புதிய ஆணை இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து மணிக்கு வாத்தியம் நிற்கும். பத்தரைக்குப் பீர் ஊற்றுவது நிற்கும். பதினொன்றுக்குள் இடம் காலி. அரைமணி அரைமணியாகப் பேரம் பேசித் தீர்த்தது.

இந்தச் சலுகை எந்தக் கடைக்குப் பொருந்தும் என்பதற்கு ஆணை இரண்டே அடையாளம் சொல்கிறது. ஒன்று, அது தோட்டமாக இருக்க வேண்டும். இன்னொன்று, வருகிறவர் தன் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிட முடிய வேண்டும். விடுதிக்காரர்களைச் சமாதானப்படுத்த 1812இல் போட்ட சாப்பாட்டுத் தடைதான், 187 வருஷம் கழித்து இரவு பதினொன்று வரை பேசிக்கொண்டிருக்கும் உரிமைக்குச் சான்றிதழ் ஆகியிருக்கிறது. பீர் மட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். துணி விரித்த மேசை, பரிமாறுகிறவர் வரும் மேசை. அதில் கட்டுச்சோற்றை அவிழ்க்கக் கூடாது. துணி விரிக்காத வெறும் பலகை மேசை யாருக்கும் உரியது. முள்ளங்கி, பாலாடைக்கட்டி, கத்தி, ஏன், விரிப்புத் துணியைக்கூட வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம்.