கொதிக்கும் கல்லும் பாலியஸ்டர் சேலையும்

வில்லியனூர் கடைவீதியில் தொங்கும் பாலியஸ்டர் சேலை, பாகூர் பெட்டிக்கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில், இரண்டுக்குமே மூலப்பொருள் ஒன்றுதான்: பாரா-சைலீன்.

ஒரு பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில் கைகள் ஒட்டியிருந்தால் அது சைலீன். கைகள் நேரெதிரே இருந்தா பாரா, பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஆர்த்தோ, ஒரு இடம் விட்டு இருந்தா மெட்டா. பாலியஸ்டருக்கு வேண்டியது பாரா மட்டும். ஆனா பெட்ரோலிய நாஃப்தாவிலிருந்து வரும் கலவையில் அது கொஞ்சம்தான். கூடவே எத்தில்பென்சீன் வேறு. அதன் கொதிநிலை 136 டிகிரி, பாரா-சைலீனுடையது 138. காய்ச்சி வடித்துப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இங்கேதான் ஜியோலைட் வருகிறது. 1756இல் ஸ்வீடனின் கிரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது கல்லே கொதிப்பது போல ஆவி வந்தது. அதனால் கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பெயர் வைத்தார். உள்ளே முழுக்க நுண்துளைகள். 1972இல் மொபில் நிறுவனம் காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம்-5 என்ற செயற்கை ஜியோலைட்டில் துளையின் அகலம் சுமார் அரை நானோமீட்டர். நெல் சலிக்கிற சல்லடை மாதிரிதான், ஆனா இது சலிக்கிறதோட நிற்காது. உள்ளிருக்கும் அமிலப் புள்ளிகள் மெத்தில் கையை இடம் மாற்றும், எத்தில் கையைக் கழற்றிப் பென்சீனாக்கும். ஒல்லியான பாரா சுலபமாக வெளியேறும். பெரிய மூலக்கூறுகள் உருவாக உள்ளே இடமில்லாததால் கரி படிவதும் குறைவு. இன்னும் கனமான, மூன்று மெத்தில் கை கொண்டவற்றை டொலுயீனோடு சேர்த்து, அகலத் துளை ஜியோலைட்டில் விட்டால் கைகளைப் பங்கிட்டுக்கொண்டு சைலீன் ஆகிவிடும்.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். வதோதராவில் ஐ.பி.சி.எல். சைலீன் ஆலைக்கு வினையூக்கி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பால் ரத்தினசாமி, 1979இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தார். அவர் குழு உருவாக்கிய ஜியோலைட் வினையூக்கிதான் 'என்சிலைட்'. ஆய்வகத்தோடு ஐ.பி.சி.எல்.லும், சிமெண்ட் கம்பெனியான ஏ.சி.சி.யும் கைகோத்தன. 1985இல் வதோதரா ஆலையில் இறக்குமதிச் சரக்கின் இடத்தில் என்சிலைட் அமர்ந்தது.

அடுத்து 'ஆல்பீன்' முறை: பென்சீனையும் ஆல்கஹாலையும் சேர்த்து எத்தில்பென்சீன். கரும்பு மொலாசஸ் உள்ள நாட்டுக்கு ஏற்ற யோசனை.

காப்புரிமைத் தாளை யாரும் படிக்கலாம். அதை டன் கணக்கில் செய்து, ஓடுகிற ஆலைக்குள் கொட்ட ஆய்வகம், ஆலை, தயாரிப்பாளர் மூவரும் வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர்ல சொன்னா, வாங்கின லைப்ரரியை ஓட்டுறது ஒண்ணு, நாமே எழுதி லைவ்ல விடுறது வேற. வாங்கினது நின்னுபோனா, விற்றவன் மனசு வைக்கணும்.