மூன்று படம், ஒரு டிவிடி

2004-ல் அப்பா மதுரையிலிருந்து புனேவுக்கு வந்து எங்களோடு இரண்டு மாதம் இருந்தார். ஹிந்தி, மராத்தி இரண்டும் தெரியாத மனிதர். பொழுது போகவேண்டுமே என்று ராஸ்தா பேட் பக்கம் போய் ஒரு பழைய சினிமாஸ்கோப் படத்தின் விசிடி வாங்கி வந்தேன். மதுரை தங்கம் தியேட்டரில் அவர் பார்த்து ரசித்த படம். பத்து நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டு பேரு பேசுறாங்க, ரெண்டு மூக்குதான் தெரியுது. மிச்சத்தை யாரு வெட்டுனது?"

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி.

ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு. பழைய டிவி பெட்டியின் அகலமோ 1.33 மடங்குதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால் முழுப் படமும் தெரியும். ஆனால் "காசு கொடுத்து வாங்கினால் பாதித் திரை கறுப்பாக இருக்கிறதே" என்று வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். அதனால் இரண்டு பக்கமும் வெட்டித் திரையை நிரப்பினார்கள். கணக்குப் போட்டால் 100-க்கு 43 பங்கு படம் காணாமல் போகிறது. அப்பா சொன்ன மிச்சம் அதுதான்.

இனி விசிடி கதை. பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிடா நிறுவனங்கள் சேர்ந்து 1993-ல் இதற்கான விதிமுறையை வகுத்தன. பாட்டு கேட்கச் செய்த சிடியிலேயே படத்தையும் அடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 74 நிமிட சிடி ஓடும் வேகத்துக்குள் படமும் ஒலியும் அடங்கவேண்டும். படத்துக்கு விநாடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். அவ்வளவுதான் ரேஷன். நம்மூர் பால் முறையில் ஒரு பிரேமுக்கு 352க்கு 288 புள்ளிகள். மழைக் காட்சி, கூட்டம், சண்டை, குழு நடனம் எது வந்தாலும் இந்த ரேஷன் போதாமல் திரை கட்டம் கட்டமாக உடையும். அமைதியாக உட்கார்ந்து பேசினால் பிழைத்தோம்!

விசிடியை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனசில்லை. வீடியோ கேசட் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், ஓட ஓடத் தேயும். சிடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிளேயரும் மலிவு. அமெரிக்காவில் எடுபடாத விசிடி சீனாவிலும் நம் நாட்டிலும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது அதனால்தான். தியேட்டரில் தமிழ்ப் படம் அபூர்வமாகவே வரும் ஊர்களில் இருந்த நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் ஊர்.

குறை சிடியில் மட்டும் இல்லை, அதில் ஏற்றிய பிரதியிலும் இருந்தது. முறையாகச் செய்வதென்றால் நெகட்டிவிலிருந்தோ அதற்கு அடுத்த நல்ல பிரதியிலிருந்தோ வீடியோவுக்கு மாற்றவேண்டும். பல படங்களுக்குக் கையில் கிடைத்தது தியேட்டர் தியேட்டராக ஓடிக் கீறல் விழுந்த பிரிண்ட். அதன் ஓரத்தில் இருக்கும் ஒலிக்கோடும் கீறல் பட்டதுதான். இரைச்சலை மறைக்க உயர்ந்த அதிர்வுகளை வெட்டினால் இரைச்சலோடு ச, ஸ, ட போன்ற எழுத்துகளின் கூர்மையும் போய்விடும். கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல் வசனம் கேட்பது இதனால்தான்.

இன்னொரு சங்கதி. படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும், பால் வீடியோ 25. ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். கேசட்டில் கேட்ட பாட்டு வீடியோவில் வேறு மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் உங்கள் காதில் கோளாறில்லை.

பிறகு டிவிடி வந்தது. 720க்கு 576, அதாவது விசிடியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை இறக்கியபோது நல்ல காலம் பிறந்தது என்றே நினைத்தேன். ஆனால் தமிழ்நாட்டில் 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட திருட்டு வீடியோ வியாபாரம் அப்போதும் ஓயவில்லை. நடைபாதையில் "மூன்று படம், ஒரு டிவிடி, 5.1 ஒலி" என்று அட்டை போட்டு விற்றார்கள். 4.7 ஜிபி வட்டில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று இருந்தால் விநாடிக்கு 4 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். மூன்றைத் திணித்தால் 1.4 மெகாபிட். படமும் ஒலியும் சேர்ந்து விசிடிக்குக் கிடைத்த அதே ரேஷன்தான்! அதை வைத்து நான்கு மடங்கு புள்ளிகளுக்குச் சோறு போடவேண்டும். 5.1 என்பதும் பல நேரம் ஒற்றை ஒலியை ஆறு பாத்திரத்தில் ஊற்றி வைத்ததுதான்.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்பது எனக்கு உறைத்தது மகளால். அவளுக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் என்றால் இந்தப் படங்கள்தான். ஒருநாள் கவனித்தேன், அவள் முகத்தையே பார்க்கவில்லை, கீழே ஓடிய ஆங்கில வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். "பேசறது புரியலப்பா" என்றாள். தமிழ் தெரியாததால் இல்லை. எனக்கே புரியவில்லை, பழைய ஞாபகத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நிரப்ப ஞாபகம் ஏது?

1964-ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தது. அப்பா மதுரையில் பார்த்துவிட்டு இரவே போன் செய்தார். "சிவாஜி பேசுறது ஒவ்வொரு எழுத்தும் கேக்குதுப்பா" என்றார். பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வட்டுகளின் காலம் இன்று முடிந்துவிட்டது. ஆனால் அன்று வெட்டி மங்கலாக்கிய அதே பிரதிகள் பல, எச்டி என்ற பெயரில் இணையத்தில் உலவுகின்றன. பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். பிள்ளைகளுக்கு ஒரு பழைய படம் காட்டுவதற்கு முன் இரண்டு மூன்று பிரதிகளைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஆள் வெட்டுப்படுகிறாரா, கீழே எழுத்து இல்லாமல் வசனம் புரிகிறதா என்று கவனியுங்கள். நாம் தங்கத்தில் பார்த்ததை அவர்களுக்குத் தகரமாகக் கொடுத்துவிட்டு, ரசனை இல்லை என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.