மணிக்கூடு மறந்த ஊர்

சரித்திரம் என்றதும் முடிமன்னரும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், மனித வாழ்க்கையை எண்ணியும் அளந்தும் ஆராயப் புகுந்த சமூக விஞ்ஞானிகள், முடியும் படையுமில்லாத ஒரு சிற்றூரின் வாழ்வையும் சரித்திரத்தில் நிலைபெறச் செய்திருக்கின்றனர். அவ்வூர் ஒஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகருக்குத் தென்கிழக்கே உள்ள மரியன்தால் ஆகும்.

1830ஆம் ஆண்டில் அங்கு ஒரு பஞ்சாலை எழுந்தது. அதனைச் சுற்றியே ஊரும் வளர்ந்தது. பாட்டன், தந்தை, மகன் என வழிவழியாக அவ்வாலையை நம்பி வாழ்ந்தனர். 1929ஆம் ஆண்டுக் கோடையிலே நூல் நூற்கும் பகுதி மூடப்பட்டது; 1930 பெப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. பின்னர் கட்டடங்களையும் இடிக்கத் தொடங்கினர். தாம் உழைத்த இடம் கற்குவியலாகக் கிடப்பதைத் தம் வீட்டுச் சாளரத்தினூடே ஊரவர் நாடோறும் கண்டனர்.

அக்காலத்தில் வியன்னாவிலிருந்த போல் லசார்ஸ்பெல்ட் என்னும் அறிஞர், தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராய விரும்பினார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவரோ, மக்கள் வேலையின்றித் தவிக்கும் நாளில் ஓய்வைப்பற்றி ஆராய்வதா எனக் கடிந்து, வேலையின்மையை ஆராயுமாறு கூறினாராம். இவ்வாறு 1931இன் பிற்பகுதியில் லசார்ஸ்பெல்ட், மாரி யகோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் துணைவர் சிலரும் மரியன்தாலை ஆராயத் தொடங்கினர். யகோடாவுக்கு அப்பொழுது வயது 24 மட்டுமே.

இவர்கள் தமக்குத் தாமே ஒரு விதி வகுத்தனர்: வெறுமனே வேடிக்கை பார்ப்பவராக எவரும் ஊருக்குள் நடமாடலாகாது. ஆகவே உடுபுடவை சேர்த்துப் பங்கிட்டனர். மருத்துவ உதவி அளித்தனர். தையல் வகுப்பு நடத்தினர். வீட்டுக் கதவுகள் இவ்வாறே திறந்தன. ஆராய்ச்சி செய்ய விழையும் நம் இளைஞர் இதனை இருமுறை படித்தல் நன்று.

அவர்கள் கண்டது யாது? வேலையற்றவனுக்கு நேரம் நிறைய என்று நாம் திண்ணையிலிருந்தபடி கூறிவிடுகிறோம். அங்கே நேரமிருந்தது, ஆனால் அது எவருக்கும் பயன்படவில்லை. நூல்நிலையத்தில் கட்டணத்தை நீக்கியிருந்தும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் சென்ற நூல்களின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்பு அழகுறப் பேணப்பட்ட பூங்கா, ஊரெல்லாம் ஓய்ந்திருந்தும், பற்றை படர்ந்து கிடந்தது. ஆய்வாளர் மறைவில் நின்று வீதியிற் செல்வோரின் நடையையும் அளந்தனர். ஆடவர் அடிக்கடி நின்று நின்று சென்றனர். பெண்கள் அவர்களிலும் விரைவாக நடந்தனர். நூறு ஆடவருள் 88 பேரிடம் மணிக்கூடு இல்லை. அவர்களுள்ளும் 31 பேர் அதனை வீட்டிலேயே விட்டு வந்தவர்கள். காலையில் எழுந்தது முதல் மதியம்வரை என்ன செய்தீர் என வினவினால், அவர்களுக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை.

பெண்களுக்கோ சமையலும் பிள்ளைகளும் ஓயவில்லை; ஆதலால் அவர்களது நாள் சிதறவில்லை. எனினும், வேலைப்பளு இரட்டிப்பாயிருந்த ஆலை நாட்களையே அவர்களிற் பலர் மீண்டும் விரும்பினர். கூலி மட்டும் அதற்குக் காரணமன்று. நாற்சுவருக்கு வெளியே பலரோடு கலந்து வாழ்ந்த வாழ்வை அவர்கள் இழந்திருந்தனர்.

வறுமை முற்றினால் மக்கள் கொதித்தெழுவர் என எண்ணியோர் அன்று பலர். மரியன்தாலில் வெளிப்பட்டது கொதிப்பன்று, சோர்வே. நூறு பேராசிரியர் மேசையிலிருந்து வாதிட்டிருந்தாலும் இவ்வுண்மை புலப்பட்டிருக்குமோ என்பது ஐயமே. கையில் ஒரு மணிக்கூட்டோடு தெருவோரம் நின்றவர்க்கு அது புலப்பட்டது.

1933இல் ஜேர்மனியில் நூல் வெளிவந்தபோது, ஆசிரியர்கள் யூதராதலின் முகப்பில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. லசார்ஸ்பெல்ட்டும் பின்னர் சைசலும் அமெரிக்காவில் வாழ நேர்ந்தது. யகோடா 1936இல் அரசியற் காரணத்தாற் சிறைப்பட்டு, மறு ஆண்டில் விடுதலையாகி இங்கிலாந்து சென்றார். 2001இல் மறையும்வரை வேலையின்மையைப் பற்றி எழுதுவதை அவர் விட்டாரல்லர்.

மரியன்தால் அடங்கிய கிராமட்நொய்சீடில் என்னும் ஊரிலேயே 2020ஆம் ஆண்டில் வேறொரு பரீட்சை தொடங்கியது. நெடுநாள் வேலையற்றிருந்தோர் யாவருக்கும், விரும்பினால் கூலியுடன் வேலை உறுதி என அறிவித்தனர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனை அளந்தனர். வேலை பெற்றோரின் வருவாய் உயர்ந்தது. உடல்நலத்திற் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் அவர்களது நாளுக்கு மீண்டும் ஓர் ஒழுங்கு வந்திருந்தது.