டிரேட்லென்ஸ்

டிரேட்லென்ஸ் என்பது கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான தகவல்களையும் ஆவணங்களையும் பரிமாறிக்கொள்ள உருவாக்கப்பட்ட, பிளாக்செயின் சார்ந்த மின்னியல் தளம் ஆகும். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இத்தளம் 2018 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2022 நவம்பரில் இதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. நுட்ப அளவில் இயங்கிய ஒரு திட்டம் வணிக அளவில் நிலைக்காமல் போனதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

கொள்கலன் ஒன்று பயணம் செய்யும்போது ஏற்றுமதியாளர், சரக்கு முகவர், துறைமுகம், சுங்கத்துறை, கப்பல் நிறுவனம், வங்கி எனப் பலர் ஆவணங்களைக் கைமாற்றுகின்றனர். 2014 ஆம் ஆண்டு, கென்யாவின் மொம்பாசாவிலிருந்து நெதர்லாந்துக்குச் சென்ற குளிரூட்டப்பட்ட சரக்கு ஒன்றை மேர்ஸ்க் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. அதில் ஏறத்தாழ 30 தரப்பினர் ஈடுபட்டதும், 200க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நிகழ்ந்ததும் தெரியவந்தது. ஒரு தாள் தாமதமானாலும் சரக்கு துறைமுகத்தில் தேங்கும் நிலை இருந்தது.

செயல்முறை

இத்தளம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்னும் திறமூல மென்பொருளின் மீது கட்டப்பட்டது. பிட்காயினில் எவரும் இணையலாம். இங்கோ அனுமதி பெற்றவர்கள் மட்டுமே இணைய முடியும். ஒவ்வொரு கப்பல் நிறுவனத்தின் ஆவணங்களும் தனித்தனித் தடங்களில் வைக்கப்பட்டதால், போட்டி நிறுவனங்கள் அவற்றைக் காண இயலாது.

கொள்கலன் துறைமுகத்தில் நுழைதல், கப்பலில் ஏற்றப்படுதல் போன்ற நிகழ்வுகளுடன், இணைய இணைப்புள்ள உணரிகள் அளிக்கும் வெப்பநிலை, எடை போன்ற தரவுகளும் பகிரத்தக்கவாறு இது வடிவமைக்கப்பட்டது. எனினும், பிளாக்செயின் பதிவான தரவு பின்னர் மாற்றப்படாமல் காக்குமே தவிர, உணரியின் அளவீடு சரியானதா என்பதற்கு உறுதி அளிக்காது.

பிட்காயின் வலையமைப்பை இயக்குவோருக்கு அதன் நாணயமே ஊதியமாகக் கிடைக்கிறது. டிரேட்லென்சுக்கு அத்தகைய மறையீட்டு நாணயம் ஏதும் இல்லை. ஆகவே, அதன் செலவு பயனர் கட்டணத்தாலும் நிறுவனர்களின் முதலீட்டாலும் ஈடுசெய்யப்பட வேண்டியிருந்தது.

வணிக உத்திச் சிக்கல்கள்

இத்தகைய தளத்தின் மதிப்பு, அதில் இணைவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஏற்றுமதியாளர் பல கப்பல் நிறுவனங்களைப் பயன்படுத்துவதால், ஒரே நிறுவனத்தின் தகவல் அவருக்குப் போதாது. ஆனால், தளத்தின் உரிமை சந்தையின் முன்னணிப் போட்டியாளரான மேர்ஸ்கின் கையில் இருந்தமை பிற நிறுவனங்களைத் தயங்கச் செய்தது. கட்டுப்பாடு யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை ஹபாக்-லாய்டு நிறுவனம் 2018 ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எழுப்பியது. பதிவேட்டின் மீதான நம்பிக்கையை மென்பொருளால் தர முடிந்தது. பதிவேட்டை நடத்துபவர் மீதான நம்பிக்கையை அதனால் தர முடியவில்லை.

2019 ஆம் ஆண்டு எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹபாக்-லாய்டு, ஓஷன் நெட்வொர்க் எக்ஸ்பிரஸ் ஆகியவை இணைய முன்வந்தன. எனினும், சீனாவின் காஸ்கோ உள்ளிட்ட நிறுவனங்கள் குளோபல் ஷிப்பிங் பிசினஸ் நெட்வொர்க் என்னும் மற்றொரு பிளாக்செயின் அமைப்பில் பங்கேற்றன. ஹபாக்-லாய்டு இரண்டிலும் இடம்பெற்றது.

மூடப்படுதல்

2022 நவம்பர் 29 அன்று மேர்ஸ்கும் ஐபிஎம்மும் தளத்தை மூடும் முடிவை அறிவித்தன. உலகளாவிய முழு ஒத்துழைப்புக் கிட்டவில்லை என்பதும், தனித்து இயங்கத்தக்க வணிக வலிமையைத் தளம் எட்டவில்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2023 ஆம் ஆண்டின் முதல் காலாண்டு முடிவுக்குள் சேவையை நிறுத்தத் திட்டமிடப்பட்டது.

தாள் ஆவணங்களைக் குறைக்கும் முயற்சி இத்துடன் நின்றுவிடவில்லை. 2019 ஆம் ஆண்டு கப்பல் நிறுவனங்கள் தொடங்கிய எண்ணிமக் கொள்கலன் கப்பல் சங்கம், ஒரே தளத்துக்கு மாற்றாகப் பொதுத் தரநிலைகளை உருவாக்கும் வழியைத் தேர்ந்தது. அதன் ஒன்பது உறுப்பு நிறுவனங்கள், 2030 ஆம் ஆண்டுக்குள் சரக்கேற்றச் சான்றுகளை முழுவதும் மின்வடிவில் வழங்குவதாக 2023 பெப்ரவரியில் உறுதியளித்தன.

இவற்றையும் பார்க்கவும்

பிளாக்செயின்
பிட்காயின்
பொருட்களின் இணையம்
கொள்கலன் கப்பல்