தொட்டி வெடித்த திங்கட்கிழமை

லண்டனில இருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு போத்தல் பியர் கொண்டு வந்தான். மாதக்கணக்கில் மரப்பீப்பாய்க்குள் முதிர்ந்த ஸ்டவுட்டாம். "உடன குடிச்சிடாத, முதல்ல மணந்து பார்" எண்டான். கோப்பி, கருகின சீனி, வனிலா, கடைசியில் சாராய வாசம். எங்கட தென்னஞ்சாராயமும் ஹல்மில்ல மரத்தொட்டிகளில் முதிர்வதுதானே, அதனால் அந்த மரவாசம் அவ்வளவு புதுசாகத் தெரியவில்லை.

வனிலா வாசம் அமெரிக்க பேர்பன் பீப்பாயின் புண்ணியம். உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் பேர்பன் வைக்கவேணும் எண்டது அங்கே சட்டம். ஒருதரம் பாவித்த பீப்பாய்கள் மிஞ்சும், பியர்க்காரர் வாங்குவார்கள். பழைய லண்டன் கதை வேற. அங்கே போர்ட்டர் எண்ட கறுப்பு பியர் சுமை தூக்கும் தொழிலாளிகளின் குடி. அதைப் பிரமாண்டமான மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் முதிரவிட்டார்கள். யாருடைய தொட்டி பெரிசு எண்டு முதலாளிகளுக்குள் போட்டி வேற.

1814 ஒக்டோபர் 17, திங்கட்கிழமை. டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் மியூ கம்பனியின் ஹோர்ஸ் ஷூ பியர் ஆலை. 22 அடி உயரத் தொட்டி ஒன்றைச் சுற்றியிருந்த இரும்பு வளையம் பின்னேரம் கழன்று விழுந்தது. வளையத்தின் எடை மட்டும் 300 கிலோவுக்கு மேல். வருசத்தில் இரண்டு மூன்று தரம் நடக்கிறதுதான், பயமில்லை எண்டு மேலிடம் சொன்னதால் கிளார்க் ஒரு கடிதம் எழுதிவைத்தார். ஒரு மணித்தியாலத்தில் தொட்டி வெடித்தது. குறைந்தது ஐந்து லட்சம் லீற்றர் பியர், பின்சுவரை உடைத்துக்கொண்டு சென்ட் கைல்ஸ் சேரிக்குள் பாய்ந்தது.

அங்கே ஒரு நிலவறையில், இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் செத்தவீடு. ஐரிஷ் ஏழைச் சனம் கூடியிருந்தது. அங்கேயே ஐந்து பேர் போய்விட்டார்கள். மொத்தம் எட்டுப் பேர், எல்லாரும் பெண்களும் பிள்ளைகளும். விசாரணையில் யாரும் குற்றவாளி இல்லை, தற்செயல் எண்டு தீர்ப்பு. கம்பனிக்கு முன்பே கட்டியிருந்த வரியில் ஏறக்குறைய 7,250 பவுண் திரும்பக் கிடைத்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்கு நட்டஈடு கட்டும்படி கம்பனிக்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை.

என்னைக் கோபப்படுத்தியது இதுகூட இல்லை. இணையத்தில் தேடினால் 'சனம் சட்டி பானையோட ஓடிவந்து அள்ளிக் குடிச்சுது, குடிச்சே ஒருத்தர் செத்தார்' எண்ட கதைதான் முதலில் வரும். அந்தக் காலப் பத்திரிகைகளில் அப்படி ஒன்றும் இல்லை. சனம் ஒழுங்காக நடந்ததெண்டுதான் எழுதியிருக்கிறார்கள். கதை பிறகு ஒட்டினது. கூலி வேலைக்குப் போன ஒருத்தர் விபத்தில் செத்தால் "குடிச்சிருப்பான்" எண்டு முதலில் சொல்லும் வாய் எங்கட ஊரிலயும் இருக்குத்தானே.

அந்த ஆலை அதே இடத்தில் இன்னும் நூறு வருசத்துக்கு மேல் பியர் காய்ச்சியது. இப்ப அங்கே நிற்கிறது டொமினியன் தியேட்டர். மச்சான் அதில் ஒரு நாடகம் பார்த்திருக்கிறானாம்.