தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி

காஞ்சன்பாக்கில் குடியிருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு தெருநாய் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிதானியில் நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் திரும்புகிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாய்ச் சொல்வார்கள். பேச்சு நாய்க்கடிக்கு வந்துவிட்டால், தமிழோ தெலுங்கோ, பெரியவர்கள் சொல்வது ஒன்றேதான். "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!" தெலுங்கில் "பொட்டு சுட்டூ" என்பார்கள். (அங்கே பொட்டு என்றால் தொப்புள். நெற்றிப் பொட்டு இல்லை :-))

அந்த ஊசி நம் நாட்டை விட்டுப் போய் இருபது வருஷம் தாண்டிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. ஆனால் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடச் செய்தார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர வைத்துச் செய்த மருந்து அது. இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் கசௌலியில் வந்தது. கசௌலி இமயமலை அடிவாரப் பக்கம். நாய் கடித்த தென்னாட்டுக்காரர் ரயிலேறி வடக்கே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் இந்த நோயில் இறந்தார். தெற்கேயும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்கு வந்தது. 1907-ல் நம்ம குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். (ஹைதராபாத் தார்நாகாவில் இருக்கிறதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அது 1918-ல் இந்தக் குன்னூர் நிலையத்தின் ஒரு அறையில் ஆரம்பித்ததுதான். 1958-ல் இங்கே குடிபெயர்ந்தது. நமக்கு முன்னாடியே வந்துவிட்டது!)

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு வழி கண்டுபிடித்தார். வைரஸை விலங்கின் மூளையில் வளர்த்து, ஃபீனால் சேர்த்துச் சாகடித்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடுவது. வைரஸ் செத்துவிட்டதால் மருந்தை ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேற வேண்டியதில்லை. செய்வதும் மலிவு. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறைய மருந்து உள்ளே போக வேண்டும். கையில் அதற்கு இடம் போதாது. தோல் தளர்வாக இருக்கும் வயிறுதான் வசதி. அதனால்தான் தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாகப் பதினாலு நாள். வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் கூடவே வரும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிசு. ஆட்டு மூளையில் நரம்புக்கு உறை போல இருக்கும் மயலின் நம் மூளையிலும் உண்டு. திரும்பத் திரும்ப ஊசியில் அது உள்ளே போனால், சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தி குழம்பிப் போய்ச் சொந்த மூளையையும் தண்டுவடத்தையுமே தாக்கும். கால் விழுந்துபோகும். சிலர் பிழைக்கவில்லை. 1933-ல் தாமஸ் ரிவர்ஸ் நியூயார்க்கில் குரங்குகளுக்கு முயல் மூளைக் கரைசலைப் பலமுறை செலுத்தி, வைரஸே இல்லாமல் இப்படி நடக்கும் என்று காட்டினார். 1987-ல் தாய்லாந்து ஆராய்ச்சியாளர் ஹேமசுதா குழுவினர், செம்பிள் ஊசி போட்டு இப்படி ஆனவர்களிடம் மயலினில் உள்ள புரதத்துக்கு எதிரான தாக்குதலைக் கண்டார்கள். ஆக, "ஊசி போட்டுத்தான் கால் போச்சு" என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. மூளையே இல்லாமல், செல்களில் வைரஸை வளர்த்துச் செய்யும் தடுப்பூசி. ஈரானில் வெறிபிடித்த ஓநாயும் நாயும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டதில் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த ஆய்வு வெளியானது 1976-ல். விலைதான் எட்டாத உயரம். காசு இருந்தவர் கடையில் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார். இல்லாதவர் அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டினார். தொண்ணூறுகளில் வசதியான வீட்டு நாய்க்குச் செல்லில் வளர்த்த தடுப்பூசி போட்டார்கள். அதே தெருவில் நாய் கடித்த கூலிக்காரருக்கு ஆட்டு மூளை ஊசி. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

2004 டிசம்பரோடு இந்தியாவில் ஆட்டு மூளை ஊசித் தயாரிப்பு நின்றது. 2006-ல் தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. மருந்து கொஞ்சம் போதும் என்பதால் செலவு குறைந்து, ஏழைகளுக்கும் நல்ல ஊசி எட்டியது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் 0, 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை, இரண்டு மேற்கையிலும் சின்னச் சின்னக் குத்து. தொப்புள் பக்கமே போகமாட்டார்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். அதற்கு முன்னால் நம் கையில் இருக்கும் மருந்து சோப்பும் குழாய்த் தண்ணீரும். 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெறி வந்தால் நாய் கடிக்கப் பாயும் என்றுதான் நினைக்கிறோம். இன்னொரு வகை உண்டு. நாய் சோர்ந்து மூலையில் படுக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. எலும்பு சிக்கிவிட்டதோ என்று பாசத்தில் வாய்க்குள் கையை விடுவோம். விடாதீர்கள். எச்சில் பட்ட சின்னக் கீறல் போதும். நோய் வெளிப்பட்டுவிட்டால் நாய்க்கும் மனுஷனுக்கும் வைத்தியம் இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷாவருஷம் போட்டுவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

போன வருஷம் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனின் பையனை நாய் பிறாண்டியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பத்னாலுகா சார்?" நாலுதான், அதுவும் கையில்தான் என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இந்த ஒரு வரியைச் சொல்லி வையுங்கள். நாலுதான், கையில்தான்.