எண்ணெல்லாம் எண்ணல்ல

சில வருடங்களுக்கு முன், கனடாவில் நாங்கள் வார இறுதிகளில் நடத்தும் தமிழ் வகுப்புக்காகப் பெற்றோரிடம் ஒரு படிவம் கொடுத்தோம். வீட்டில் என்ன மொழி? தமிழ் என்றால் 1, ஆங்கிலம் என்றால் 2, இரண்டும் என்றால் 3. கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எக்செலில் ஏற்றிச் சராசரி பார்த்தேன். 2 என்று வந்தது. அதாவது ஆங்கிலம்! கூட்டத்தில் அப்படியே சொல்லியும்விட்டேன். இனிப் பாடங்களை ஆங்கிலத்திலேயே விளக்கலாம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த ஓர் அம்மா, "தம்பி, 2 போட்ட வீடு எத்தனை?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பாதி வீடுகள் 1, மறுபாதி 3.

ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் வேறுபடும் எந்தப் பண்பையும் புள்ளியியலில் மாறி என்கிறோம். எல்லா மாறியையும் எண்ணால் குறிக்கலாம். ஆனால் எல்லா எண்ணையும் கூட்டிவிட முடியாது. இதை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் ஹார்வர்ட் உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். 1946-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் அளவைகளை நான்காகப் பிரித்தார்.

முதலாவது பெயரளவை. என் மொழிக் கேள்வி இந்த வகை. இங்கே எண் வெறும் பெயர். 1, 2, 3 என்பதற்குப் பதில் பூ, காய், கனி என்று எழுதியிருந்தாலும் குறைவில்லை. எது அதிகம் பேர் என்று, அதாவது முகட்டை, மட்டும் பார்க்கலாம்.

இரண்டாவது வரிசையளவை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 1812-இல் மோஸ் வகுத்த கனிமக் கடினத்தன்மை வரிசையைப் பாருங்கள். புஷ்பராகம் 8, மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தம் 9, வைரம் 10. எது எதைக் கீறும் என்பது இதில் தெரியும். ஆனால் 8-க்கும் 9-க்கும் உள்ள தூரத்தைவிட 9-க்கும் 10-க்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. "மிகவும் திருப்தி 5, திருப்தி 4" என்று கேட்கும் படிவங்களும் இந்த ஜாதிதான். நடுவில் நிற்கும் இடைநிலையைச் சொல்வது பத்திரம். சராசரி போடலாமா கூடாதா என்று அறிஞர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். 1953-இலேயே ஃபிரடெரிக் லார்ட் என்பவர், கால்பந்தாட்டக்காரர்களின் சட்டை எண்களுக்குச் சராசரி போடும் ஒரு பேராசிரியரைக் கற்பனை செய்து, ஸ்டீவன்ஸின் கட்டுப்பாட்டைக் கேலி செய்து எழுதினார். என் அனுபவத்துக்குப் பிறகு நான் ஸ்டீவன்ஸ் கட்சி.

மூன்றாவது இடைவெளியளவை. செல்சியஸ் வெப்பநிலை இதற்கு உதாரணம். 10-லிருந்து 20-க்கும், 20-லிருந்து 30-க்கும் தூரம் ஒன்றே. ஆனால் 20 டிகிரி, 10 டிகிரியைப் போல் இரு மடங்கு சூடல்ல. அந்தச் சுழியம் நாமே நீர் உறையும் இடத்தில் வைத்துக்கொண்டது. கெல்வினில் பார்த்தால் அவை 293.15, 283.15.

நான்காவது விகிதவளவை: எடை, உயரம், வயது. சுழியம் என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை. இரு மடங்கு என்றால் இரு மடங்குதான். வேடிக்கை என்னவென்றால், வயது விகிதவளவை, பிறந்த ஆண்டு இடைவெளியளவை.

எங்கள் படிவத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. பிள்ளையின் வயதை '5 முதல் 7', '8 முதல் 10' என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தோம். வயதிலிருந்து கட்டத்துக்குப் போகலாம். கட்டத்திலிருந்து வயதுக்குத் திரும்ப வழியில்லை. அடுத்த வருடம் வயதை நேராகக் கேட்டோம். மொழிக்கு எண்ணை எடுத்துவிட்டுச் சொல்லையே எழுதச் சொன்னோம். பாட விளக்கம் தமிழிலேயே தொடர்ந்தது.